சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பி0335 திரும்ப வந்தால் எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், சென்னையில் ஓடுகிறது. ஹைவேயில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு தொல்லையும் இல்லை. ஊருக்குள் மதிய வெயிலில், ஏசி போட்டு சிக்னலுக்கு சிக்னல் ஊர்ந்து போகும்போது என்ஜின் பட்டென்று ஆஃப் ஆகிறது, செக் என்ஜின் லைட் எரிகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது நிமிடம் விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் வந்த கோளாறுக் கோடு பி0335, அதாவது கிராங்க் சென்சார் (என்ஜினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணர்ந்து சொல்கிற சென்சார்). சென்சாரை மாற்றினார்கள், இரண்டு வாரம் நன்றாக ஓடியது, திரும்ப வந்தது. கம்பெனி சென்சாரே வாங்கி மறுபடி மாற்றினார்கள், மறுபடியும் அதே இரண்டு வாரம்தான். இப்போது மெக்கானிக் ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) போய்விட்டது, பழைய உதிரி பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் பார்க்கலாம் என்கிறார். பேச்சோடு பேச்சாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஆறு மாதத்துக்கு முன்னால் கிளட்ச் மாற்றினீர்கள், அதற்கு முன் இந்தத் தொல்லை இருந்ததே இல்லை.

ஈசியூ வாங்காதீர்கள். மூன்றாவது சென்சாரும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு சென்சாருக்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கப்ளர் (சென்சாரில் வயரை மாட்டுகிற பிளக்), அதற்குப் போகிற வயர், என்ஜின் எர்த் (என்ஜினைப் பேட்டரி நெகட்டிவ்வோடு சேர்க்கிற இணைப்பு) இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

பி0335 என்ற கோடுக்குப் பொருள் "கிராங்க் சென்சார் கெட்டுவிட்டது" என்பது இல்லை. "கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு" என்பதுதான். சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து ஈசியூ வரை போகிற வயர்கள், நடுவில் இருக்கிற ஜாயின்ட்டுகள், எர்த், கடைசியில் ஈசியூவின் பின் வரை எல்லாமே சேர்த்தி. செல்ஃப் சுற்றுவதும், கேம் சென்சாரிலிருந்து (வால்வுகளை இயக்குகிற தண்டின் சென்சார்) பல்ஸ் வருவதும் ஈசியூவுக்குத் தெரிகிறது, ஆனால் கிராங்க் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அதைத்தான் அது பி0335 என்று எழுதி வைக்கிறது. வராததற்குக் காரணம் சென்சாரா, நடுவழியில் அறுந்த வயரா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஸ்கேனர் திரையில் "கிராங்க் பொசிஷன் சென்சார்" என்று பெயர் வருவதால் கை நேராக சென்சாருக்குப் போய்விடுகிறது, எல்லாப் பண விரயமும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பக்கத்து எண்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பி0336 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் ஒழுங்காக வரவில்லை. பி0337 சிக்னல் அளவு குறைவு, பி0338 அதிகம், பி0339 விட்டு விட்டு வருகிறது. அடுத்த முறை 0335 தனியாக வருகிறதா, 0336 அல்லது 0339-ஐயும் கூட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு அந்த இரண்டு வாரம்தான். நிஜமாகவே சென்சார்தான் கெட்டிருந்தால், புது சென்சார் போட்டதும் பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு புது சென்சார்கள், அதில் ஒன்று கம்பெனி பார்ட், இரண்டும் சொல்லி வைத்தது போல இரண்டே வாரத்தில் சாவது நம்பும்படி இல்லை. அப்படியென்றால் அந்த இரண்டு வாரம் எப்படி நன்றாக ஓடியது? சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டியாக வேண்டும். கழற்றும்போதும் மாட்டும்போதும் உள்ளே இருக்கிற பின்கள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்த பாசி கொஞ்சம் சுரண்டப்படுகிறது, தளர்ந்த டெர்மினல் புதிதாக ஓர் இடத்தில் போய் உட்காருகிறது. வயரையும் கொஞ்சம் அசைத்திருப்பார்கள். அந்தத் தொடர்பு கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் சூடும் அதிர்வும் சேர்ந்து பழைய நிலைக்கே கொண்டு வந்துவிடும். பழைய சென்சாரையே கழற்றி மாட்டியிருந்தாலும் அதே இரண்டு வாரம் ஓடியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் சென்சாரைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல சென்சாராகவே இருக்கலாம்.

சரி, வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிபந்தனை: இனிமேல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டவுடன் கோளாறுக் கோடை அழிக்க விடாதீர்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவதும் அழிப்பதற்குச் சமம்தான். கோடு விழுகிற அந்தக் கணத்தில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை ஈசியூ ஒரு படம் போலப் பிடித்து வைக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கூலன்ட் வெப்பம், ஆர்பிஎம், வண்டியின் வேகம், என்ஜின் லோடு எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். விட்டு விட்டு வருகிற கோளாறில் கையில் கிடைக்கிற நேரடி சாட்சி அது ஒன்றுதான்.

இதற்கு ஒவ்வொரு முறையும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகத் தேவையில்லை. நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதிவு செய்கிற முறை) கட்டாயம், உங்களுடையது 2014 மாடல் என்பதால் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். இஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கி போனில் ஆப் போட்டுக்கொண்டால், கோடு, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோடு), ஃப்ரீஸ் ஃப்ரேம், ஓடும்போது லைவ் டேட்டா எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கும். மலிவான நகல்களில் சில ஒழுங்காகக் கனெக்ட் ஆகாது, வாங்கும்போதே உங்கள் வண்டியில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அடாப்டரை எப்போதும் சாக்கெட்டிலேயே விட்டுவிடாதீர்கள், வண்டி நின்றாலும் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் 95, 100 டிகிரி, வேகம் பூஜ்யம் அல்லது மிகக் குறைவு, ஆர்பிஎம் ஐடில் பக்கம் என்று இருந்தால், நீங்கள் சொன்னதோடு பொருந்துகிறது: இது சூட்டோடு சம்பந்தப்பட்டது. ஹைவேயில் வராமல் டிராஃபிக்கில் வருவதற்கும் காரணம் அதுதான். ஓடும்போது காற்று பானெட்டுக்குள் புகுந்து போகிறது, நின்றால் ரேடியேட்டர் ஃபேன் தள்ளுகிற சூட்டுக் காற்று அங்கேயே சுற்றுகிறது. ஏசி கண்டென்சர் சூடும் சேர்கிறது. சென்சார், கப்ளர், வயர் எல்லாமே அந்தச் சூட்டில் வேகும். சூட்டில் பிளாஸ்டிக்கும் செம்பும் வேறு வேறு அளவில் விரிவதால், ஏற்கெனவே மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கிற தொடர்பு விட்டுப் போகும். ஆறியதும் திரும்பத் தொடும். இருபது நிமிடக் கணக்கு அங்கேதான் வருகிறது.

இந்த சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீட்டரில் பார்ப்பது எளிது. ஃப்ளைவீல் பக்கமோ கிராங்க் புல்லி பக்கமோ பல் வெட்டிய ஒரு வளையம் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும். நிறைய வண்டிகளில் 60 பல்லுக்கான இடத்தில் இரண்டை விட்டுவிட்டு 58 பல் இருக்கும், அந்த இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈசியூ கணக்குப் போடும். 800 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்கு 770-க்கும் மேற்பட்ட பல்ஸ் போகிறது. நடுவில் கொஞ்சம் விட்டுப் போனாலும் ஈசியூ கணக்கைத் தவறவிடும், உடனே ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் நிறுத்தும். அதனால்தான் இந்தக் கோளாறில் என்ஜின் திணறாமல் சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி நிற்கும்.

வகை இரண்டு. கப்ளரில் இரண்டு வயர் என்றால் அநேகமாகக் காயில் வகை. காந்தமும் செம்புக் காயிலும்தான், பல் கடக்கும்போது தானே ஏசி (மாறுதிசை) வோல்ட்டேஜ் உண்டாக்கும். சிலவற்றில் மூன்றாவதாக ஒரு ஷீல்டு வயரும் இருக்கும். ஹால் வகை என்றால் மூன்று வயர்: சப்ளை 5 வோல்ட் அல்லது 12 வோல்ட், எர்த், சிக்னல். மூன்று பின்னைப் பார்த்ததும் ஹால் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், உங்கள் மாடலின் சர்க்யூட் படத்தைப் பாருங்கள். இது முக்கியம். ஹால் சென்சாரில் ஓம்ஸ் பார்த்து ஒன்றும் தெரியாது, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் மீட்டரின் கரன்ட் அதைக் கெடுக்கவும் கூடும்.

இப்போது கப்ளருக்கு வருவோம், நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்கிற இடம் இதுதான். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றும் முன் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஆறியிருக்கும்போது, அடியிலிருந்து வேலை என்றால் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் தலையை உள்ளே விட வேண்டும். லாக்கை அழுத்தி கப்ளரை நேராக இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். டார்ச் அடித்து, முடிந்தால் போன் கேமராவை ஜூம் செய்து பெண் பக்கத் துளைகளைப் பாருங்கள். நல்ல டெர்மினல் பளிச்சென்று, உள்ளே இருக்கிற நாக்கு எல்லாத் துளையிலும் ஒரே அளவு உள்ளே வளைந்து தெரியும். ஒன்றில் மட்டும் துளை அகலமாக, நாக்கு சுவரோடு ஒட்டிக் கிடந்தால் அதுதான் ஆள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வயர் நுழைகிற ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா, ஒரு வயருக்கு மட்டும் சீல் பின்னால் நழுவி வந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்பதும் தனி விசாரணை. சில வண்டிகளில் எண்ணெய் வயரின் உள்ளிழைகள் வழியாகவே ஊர்ந்து வெகுதூரம் போகும்.

கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். பழைய சென்சாரின் பின் அளவே உள்ள ஒற்றைப் பின் ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையிலும் மெதுவாகச் செருகி இழுத்துப் பாருங்கள். நல்ல டெர்மினல் பின்னைப் பிடித்துக்கொள்ளும், இழுக்கும்போது ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். தளர்ந்தது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மூன்று துளைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும். அப்புறம் வயரை ஒவ்வொன்றாக, ரொம்ப மென்மையாக, பின்னோக்கி இழுங்கள். டெர்மினல் லாக் விட்டுப் போயிருந்தால் வயரோடு பின்வாங்கும். அப்படி இருந்தால் கப்ளரை மாட்டும்போதெல்லாம் அந்த ஒரு பின் உள்ளே தள்ளப்பட்டு, தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மல்டிமீட்டரின் தடிமனான முனையைக் கப்ளரின் முன்பக்கத் துளைக்குள் குத்தாதீர்கள், யாரையும் குத்த விடாதீர்கள். அந்த ஒரு குத்திலேயே டெர்மினல் விரிந்துவிடும். முதல் முறை சோதித்தபோதே யாராவது அப்படிக் குத்தியிருந்தால், இல்லாத கோளாறு ஒன்று அன்றைக்கே உண்டாகியிருக்கும். அளக்க வேண்டுமென்றால் கப்ளரின் பின்பக்கமாக, வயர் நுழைகிற சீலை ஒட்டி மெல்லிய ஊசியை வழுக்கிவிட்டு அளக்க வேண்டும். வயரின் மேல்தோலைக் குத்தி அளப்பதும் வேண்டாம். மழைக்காலத்தில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போய் உள்ளே செம்பு கறுத்துவிடும்.

அடுத்தது கிளட்ச் விஷயம். உங்கள் வண்டியில் சென்சார் கிளட்ச் ஹவுசிங் மேல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இறக்க அந்த சென்சாரையும் கப்ளரையும் வயரையும் விலக்க வேண்டும், செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும், கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருக்கிற எர்த் ஸ்ட்ராப்பையும் கழற்ற வேண்டும். கோளாறு அதற்கப்புறம்தான் தொடங்கியது என்பதால், என் சந்தேகம் முழுக்க அந்த ஒரு சதுர அடிக்குள்தான் இருக்கிறது. வயரைப் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து கழற்றும்போது உடையும், திரும்பப் போட மாட்டார்கள். கிளிப் இல்லாத வயர் தொங்கி, எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்து மேல்தோல் உருகும், அல்லது பிராக்கெட்டின் கூர் விளிம்பில் உரசி உரசி தோல் தேயும். வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கறுப்பு டேப்புக்கு மேலிருந்து ஒன்றும் தெரியாது. ஓர் இடத்தில் மட்டும் கெட்டியாக, மொறமொறவென்று இருந்தால் அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள். தொட்டால் ஓர் இடத்தில் மட்டும் ரப்பர் மாதிரி இழுபட்டால் உள்ளே இழை அறுந்து தோல் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கிறது. வண்டியை வெளியில் நிறுத்துகிறவர் என்றால் எலியையும் மறக்க வேண்டாம். பானெட் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் எலி கடிப்பதில்லை, கியர்பாக்ஸ் மேல் கதகதப்பாக இருக்கிற மூலைதான் அதற்குப் பிடித்த இடம்.

எர்த் ஸ்ட்ராப்பைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலேயே, கிளாம்பில் இல்லை, வையுங்கள். மறு முனையை என்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் சரியில்லை. ஸ்ட்ராப்பைக் கழற்றி, அது உட்காருகிற இடத்தில் பெயின்ட், துரு, எண்ணெய் எல்லாம் போக எமரி போட்டுத் தேய்த்து இறுக்க வேண்டும். கூடவே என்ஜின் ஓடும்போது சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் பாருங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அப்படியே ஆல்டர்னேட்டரையும் பார்த்துவிடுங்கள்: என்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியின் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே டயோடு போயிருக்கலாம், அந்த வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கம் காயில் வகை சென்சாரின் சின்ன சிக்னலைக் குழப்பும்.

சென்சாரை மீட்டரில் பார்ப்பது இப்படி. காயில் வகை என்றால் பல வண்டிகளில் 500 முதல் 1,500 ஓம்ஸ் வரைக்குள் ஏதோ ஒன்று இருக்கும், உங்கள் மாடலுக்கான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஆறியிருக்கும்போது ஒரு முறை, வண்டி நின்றுபோன உடனே சூட்டோடு ஒரு முறை பார்க்க வேண்டும், சூட்டில் பார்ப்பதுதான் முக்கியம். செம்பின் தடை சூட்டில் ஏறுவது இயல்பு. 30 டிகிரியில் 900 காட்டிய காயில் 100 டிகிரியில் 1,130, 1,150 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். எல்லையில்லாமல் ஏறி மீட்டர் ஓபன் காட்டினால் மட்டும் காயில் உள்ளே விட்டுப்போகிறது என்று அர்த்தம். ஒரு பின்னுக்கும் சென்சாரின் உலோக உடம்புக்கும் நடுவில் ஓபனாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் போட்டால் சில நூறு மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். ஹால் வகை என்றால் கப்ளரைக் கழற்றி இக்னிஷன் ஆன் செய்து சப்ளை பின்னில் வர வேண்டிய வோல்ட்டேஜ் வருகிறதா, எர்த் எர்த்தாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் சிக்னல் வயரிலும் ஈசியூ அனுப்புகிற 5 வோல்ட் தெரியும். கப்ளரை மாட்டிவிட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் பூஜ்யத்துக்கும் 5-க்கும் மாறி மாறிப் போக வேண்டும்.

இந்தச் சோதனையில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 5 வோல்ட்டையும் காட்டும், கன்டினியூட்டி பார்த்தால் பீப் அடிக்கும். மீட்டர் இழுக்கிற கரன்ட் மிக மிகக் குறைவு, அதனால் அதற்கு ஓர் இழை போதும். வயரை நிஜமாகவே சோதிக்க வேண்டுமென்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈசியூ பக்கக் கப்ளரையும் சென்சார் பக்கக் கப்ளரையும் இரண்டையுமே கழற்றி, அந்த ஒற்றை வயர் வழியாகத் தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன பார்க்கிங் பல்பை எரியவிட்டு, வயரை நீளத்துக்கும் வளைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். பல்பு மங்கினாலோ சிமிட்டினாலோ இடம் கிடைத்துவிட்டது. ஈசியூ மாட்டியிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது, அப்போது நிஜமாகவே ஈசியூ வாங்க வேண்டி வரும். கையில் அனுபவம் இல்லையென்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இதை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ரோட்டில் நின்றால், ஓரம் கட்டிவிட்டு, அந்த இருபது நிமிடத்தைச் சும்மா விடாதீர்கள். கோளாறு கையில் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். முதலில் செல்ஃப் போட்டுக்கொண்டே போனில் ஆர்பிஎம் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 200, 250 என்று காட்ட வேண்டும், பூஜ்யத்திலேயே இருந்தால் கிராங்க் சிக்னல் வரவில்லை என்பது உறுதி. சில வண்டிகள் கேம் சிக்னலை வைத்து ஆர்பிஎம் காட்டும், அதையும் மனதில் வையுங்கள். ஆர்பிஎம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், மெயின் ரிலே பக்கம் போக வேண்டும், அது வேறு கதை. பூஜ்யம் என்றால், எதையும் குளிர வைக்காமல், உடனே கப்ளரை மட்டும் கழற்றி மாட்டுங்கள். கை சுடும், கையுறை போடுங்கள், சாவி ஆஃபில் இருக்கட்டும், ஃபேன் திடீரென்று சுற்றக்கூடும் என்பதால் அதிலிருந்து விலகியே இருங்கள். மாட்டியவுடன் ஸ்டார்ட் ஆகிவிட்டால் கப்ளர் தொடர்புதான் காரணம். ஆகவில்லை என்றால் வயரைப் பல இடங்களில் அசைத்து ஒவ்வொரு முறையும் செல்ஃப் போட்டுப் பாருங்கள். அதற்கும் ஆகாவிட்டால் ஈரத்துணியை சென்சாரின் உடம்பில் மட்டும் சுற்றி ஒரு நிமிடம் விடுங்கள். அதில் உயிர் வந்தால் சூட்டில் சென்சாரே விட்டுப்போகிறது என்று ஒப்புக்கொள்ளலாம். தண்ணீரை மேலிருந்து ஊற்றாதீர்கள், சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் வெடிப்பு விடும். இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்ய வேண்டும். முதலிலேயே தண்ணீர் போட்டால் எல்லாமே ஆறிவிடும், எது காரணம் என்று பிரிக்க முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனமாகும், பிரேக் பூஸ்டரில் (மிதிக்கிற விசைக்கு உதவுகிற பாகம்) மிச்சம் இருக்கிற வாக்யூமும் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள், வண்டி நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் லாக் ஆகிவிடும். இது சரியாகும் வரை மேம்பாலத்திலும் ஓரம் கட்ட இடம் இல்லாத ரோட்டிலும் போகாமல் இருப்பது நல்லது. குடும்பத்தோடு வெளியூர் போவதும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வயரும் கப்ளரும் எர்த்தும் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் பல் வளையத்துக்குப் போக வேண்டும். சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். காந்தம் என்பதால் கிளட்ச் பக்கத்து இரும்புத் தூள் அதில் மீசை மாதிரி ஒட்டியிருக்கும், துடைத்துவிடுங்கள். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும்போது பல் வளையத்தில் இடித்திருந்தால் ஒரு பல் வளைந்திருக்கலாம், சென்சார் துளை வழியாக டார்ச் அடித்து என்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஆனால் வளைந்த பல் என்றால் ஆறியிருக்கும்போதும் தொல்லை கொடுக்கும், 0336 எழுத வைக்கும். உங்கள் வண்டி சூட்டில் மட்டும் நிற்பதால் இதற்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்க மாட்டேன். சென்சார் அதன் இடத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல்லுக்கும் சென்சாருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும், அடியில் அழுக்கோ மடிந்த ஓ-ரிங்கோ இருந்தாலே சிக்னல் பலவீனமாகிவிடும்.

ஆசிலோஸ்கோப் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். சிக்னல் வயரில் ஊசியைப் போட்டு என்ஜினை ஐடிலில் விட்டு வயரை அசைத்தால், விட்டுப் போகிற பல்ஸ் திரையிலேயே தெரியும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் விட்டுப்போவதை அது பிடிக்காது.

கப்ளர்தான் என்று தெரிந்தால் அதற்கு மட்டும் புதுப்பேட்டை போங்கள். அதே மாடல் வண்டியின் கப்ளரை அரை அடி வயரோடு வெட்டித் தருவார்கள். வாங்கும் முன் அதன் டெர்மினல் இறுக்கத்தையும் அதே பின் சோதனையில் பாருங்கள். இணைக்கும்போது வயரைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுகிற வேலை வேண்டவே வேண்டாம், என்ஜின் சூட்டில் அந்தப் பசை உருகி ஒரு கோடைக்குக் கூடத் தாங்காது. ஒவ்வொரு வயரையும் வேறு வேறு இடத்தில் வெட்டி, சால்டர் செய்தோ முறையாக கிரிம்ப் செய்தோ, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுருக்க வேண்டும். பழைய வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கி வந்திருந்தால் புதிதையும் அப்படியே முறுக்கி விடுங்கள், ஷீல்டு இருந்தால் அது விட்டுப்போகாமல் தொடர வேண்டும். கடைசியாகக் கிளிப் போட்டு எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

ஈசியூ பற்றிக் கேட்டீர்கள். சென்சார் தருகிற சிக்னல் ஈசியூவின் சொந்தக் கப்ளர் பின் வரை பழுதில்லாமல் வந்து சேர்கிறது, சப்ளையும் எர்த்தும் சரியாக இருக்கிறது, அப்படியும் ஈசியூ ஆர்பிஎம் பூஜ்யம் என்கிறது: இதைக் கோளாறு இருக்கிற நேரத்தில் ஸ்கோப்பில் காட்டினால் மட்டும் ஈசியூவைச் சந்தேகப்படலாம். அது அரிதாக நடப்பது. அதோடு இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் செகண்ட் ஹேண்ட் ஈசியூவை மாட்டினால் உங்கள் சாவியை அது ஏற்காது, கோடிங் செய்ய வேண்டும், அதற்கு வேறு செலவு. ஈசியூ மாற்றும்போதும் கப்ளர்களைக் கழற்றி மாட்டத்தான் போகிறார்கள், அதனால் இன்னொரு இரண்டு வாரம் நன்றாக ஓடவும் கூடும்.

சரி செய்த பிறகு கோடை அழித்துவிட்டு, எந்த நிலையில் நின்றதோ அதே நிலையை உண்டாக்குங்கள். மதியம், ஏசி ஃபுல், நிறுத்தி வைத்த இடத்தில் ஐடில், ரேடியேட்டர் ஃபேன் பல முறை ஓடி நிற்கட்டும். போனில் ஆர்பிஎம் கிராஃபைப் பார்த்துக்கொண்டே, எக்ஸாஸ்ட்டிலும் பெல்ட்டிலும் கை படாமல், நீளமான மரக்குச்சியால் வயரைத் தட்டுங்கள். கிராஃபில் ஒரு முறையாவது செங்குத்தாக விழுந்து எழுந்தால் வேலை முடியவில்லை. விழவில்லை என்றால் வழக்கம் போல ஓட்டுங்கள். சில வண்டிகளில் லைட் எரியாமலே பெண்டிங் கோடு முதலில் விழும், அதனால் முதல் ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு முறையாவது பெண்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய இரண்டு வாரக் கெடு தாண்டி, நல்ல வெயில் நாட்களையும் தாண்டி அந்தப் பக்கம் காலியாகவே இருந்தால் வண்டியை வெளியூருக்கு எடுக்கலாம்.